நாற்பத்தோராம் பெட்டியைத் திருப்பி வைத்தவருக்கு

மார்ச் 31, காலை. இந்தப் பணி ஓய்வு வாழ்த்து மடலின் முதல் வரைவில் "யாரோ ஒருவர் கல்லைத் தலைகீழாக அடுக்கிவிட்டார்" என்று எழுதியிருந்தேன். தவறு. அடுக்கியது நான். திருத்திவிட்டு, இந்தக் குறிப்பையும் சேர்த்தே வாசிக்கிறேன்.

கல்லின் தலை எது, கால் எது என்று தொட்டே அறியும் எங்கள் பெட்டியக்காவே, வணக்கம்!

முப்பத்திரண்டு ஆண்டுகள் இந்தப் பாறை மாதிரி அறையில், பூமிக்குள் துளையிட்டு எடுத்த கல் உருளைகளைக் கழுவி, ஆழம் குறித்து, பெட்டி பெட்டியாக அடுக்கினீர்கள். சேறு இறுகிக் களிப்பாறை ஆனதையும், சுண்ணாம்புக்கல் சூட்டிலும் அழுத்தத்திலும் பளிங்காக மாறியதையும் வந்தவர்களுக்கெல்லாம் சலிக்காமல் காட்டினீர்கள். "கோடி வருஷம் காத்திருந்த கல்லு. நீங்க அஞ்சு நிமிஷம் நிக்க மாட்டீங்களா?" என்று அவசரக்காரப் பொறியாளர்களை நிறுத்தி வைத்தவரும் நீங்களே.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் சுரங்கப்பாதை வேலை தொடங்கவிருந்தது. பாதையின் கூரை கெட்டியான மணற்கல், உதிரும் களிப்பாறை அதற்கு மூன்று மீட்டர் மேலே என்றது அறிக்கை. தலைமைப் பொறியாளர் கையெழுத்தும் போட்டாயிற்று. நீங்கள் நாற்பத்தோராம் பெட்டியை ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தீர்கள். தண்ணீரில் கனமான பரல் முதலில் படியும், பிறகு மணல், கடைசியில் சேறு. அந்த உருளையிலோ ஒவ்வொரு படிவிலும் பரல் மேலே, சேறு அடியில். அப்படியானால் கல் தலைகீழாக இருக்கிறது. களிப்பாறை இருப்பது கூரையிலேயே, ஆட்களின் தலைக்கு நேர் மேலே.

நாளைக்கு வேலை ஆரம்பம், ஒரு பெட்டிக்காக நிறுத்துவதா என்று தலைமைப் பொறியாளர் சலித்துக்கொண்டார்.

"கல்லு சரியாத்தான் சொல்லுது சார். நாங்கதான் தப்பா அடுக்கிட்டோம்" என்றீர்கள்.

யார் அடுக்கியது என்று கேட்டார்.

"என் அறை சார்."

அவ்வளவுதான். பக்கத்தில் மறுபடி துளையிட்டார்கள். நீங்கள் சொன்ன ஆழத்திலேயே களிப்பாறை வந்தது. பாதையை ஆறு மீட்டர் கீழே இறக்கினார்கள். அதற்குள் இறங்கிய அத்தனை பேரும் வீடு திரும்பினார்கள். அக்கா, எங்கள் அறையின் பெருமை அதுதான்.

அந்த வாரம் அடுக்கியது நான் மட்டுமே என்பது உங்களுக்குத் தெரியும். பெட்டி மூடியில் "அடுக்கியவர்" என்ற இடத்தை வெறுமையாகவே விட்டீர்கள். அன்று நான் வாய் திறக்கவில்லை. இன்று எல்லோர் முன்னும் திறந்துவிட்டேன்.

இனி எந்த ஆற்றங்கரையிலும் கூழாங்கல் பொறுக்கிக்கொண்டு, ஆழம் எழுதும் கவலையில்லாமல், நோய்நொடியின்றிப் பல்லாண்டு நடந்து வாருங்கள்!

அன்புடன்,
பாறை மாதிரி அறைப் பணியாளர்கள்

நாளை காலை எட்டு மணி: நாற்பத்தோராம் பெட்டியின் மூடியில் என் பெயரை எழுத வேண்டும்.