கடைசி வாக்கு

தம்பி, அந்த உடுக்கை மேசை விசிறிக்கு முன்னால் வைக்காதீர்கள். காற்றுப் பட்டால் தோல் காய்ந்து வெடித்துவிடும். ஒரு துணியில் சுற்றி அலுமாரிக்குள் வைத்தால் நல்லது. ஓம், அப்படித்தான். இனிக் கேளுங்கள், சொல்கிறேன்.

போன வருடம் வவுனியாவில் ஒரு மண்டபத்தில் பல தேசத்து வாத்தியங்களைக் காட்சிக்கு வைத்தார்கள். என்னையும் கூப்பிட்டு அடிக்கச் சொன்னார்கள். அங்கே ஆபிரிக்காவிலிருந்து வந்த மேளம் ஒன்று இருந்தது. இடை சிறுத்து, என் உடுக்குக்குத் தமையன் மாதிரி. கக்கத்தில் இடுக்கிக் கயிறுகளை அமுக்கினால் சத்தம் ஏறி இறங்கும். அந்த ஊர்ச் சனத்துக்கு அது பேச்சாகவே விளங்குமாம். எனக்குச் சிரிப்பு வந்தது. மேளம் பேசி என்ன? என்னுடையது ஆட்களைப் பேச வைக்கும்.

நெடுங்கேணிக்கு உள்ளே இருக்கிறது எங்கள் ஊர். அங்கே அம்மன் கோயில் வைகாசிப் பொங்கலுக்கு உடுக்கு அடிப்பது நான். உரு வருவது சிவலட்சுமிக்கு. நான் அடிக்க அம்மன் அவளில் ஏறுவா. சனம் கேட்கக் கேட்க வாக்குச் சொல்லுவா. நான் அடியைத் தளர்த்தினால் இறங்குவா. உடுக்குச் சத்தம் கேட்கும் வரைக்கும் உரு வந்தவரை ஒருவரும் தொடக்கூடாது, பெற்ற பிள்ளை என்றாலும் கூடாது. ஒரே கேள்விக்கு இரண்டு வாக்கு வந்தால், இறங்கும் முன்னர் கடைசியாகச் சொன்னதுதான் நிற்கும். இது ஊர் வழக்கம், நான் உண்டாக்கியதல்ல.

என் மகன் கிருபன் கடைசிச் சண்டையில் காணாமல் போனவன். ஒவ்வொரு பொங்கலுக்கும் என் மனுசி அன்னபாக்கியம் அம்மனிடம் அவனைப் பற்றிக் கேட்பாள். வருவான் என்று வாக்கு வரும். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டுதான் அடுத்த பொங்கல் வரைக்கும் சோறு தின்பாள். நானுந்தான்.

சிவலட்சுமி கெட்டவள் அல்ல. புருசன் இல்லை, தாட்சாயினி என்று ஒரு மகள் மட்டும். அவளுக்கு நெஞ்சில் வருத்தம் இருந்தது எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனதே என்னுடைய ஓட்டோவில்தான். பொங்கலன்று காலையிலும் மஞ்சள் சேலையோடு என்னிடம் வந்தாள்.

"அண்ணை, துள்ளக்கூடாதெண்டு டொக்டர் சொன்னவர். நேத்திக்கடன், ஆடாமலும் இருக்கேலாது. இந்த முறை கெதியா இறக்கி விடுங்கோ."

"ஓம் பிள்ளை, யோசியாதை" என்றேன். கண்ணாணை, அப்போது அப்படித்தான் நினைத்திருந்தேன்.

மத்தியானப் பூசையோடு உரு வந்தது. அன்னபாக்கியம் அருச்சனைத் தட்டத்தோடு முன்னால் போய் நின்றாள். சிவலட்சுமி அவளுடைய தலையில் கை வைத்தாள்.

"அவன் இல்லையடி பிள்ளை. இனிக் காத்திராதை. செய்ய வேண்டின கிரியையைச் செய்."

அன்னபாக்கியம் அப்படியே நிலத்தில் குந்திவிட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை வருடமும் வருவான் என்ற வாய்க்கு இன்றைக்கு என்ன புதுக் கதை? ஆனால் நான் கத்தவில்லை, சண்டை பிடிக்கவில்லை. உடுக்கின் இடுப்புக் கயிற்றை இறுக்கினேன், சத்தம் ஏறியது, சிவலட்சுமியின் ஆட்டமும் ஏறியது. அதுவே கடைசி வாக்காகிவிடக்கூடாது. வேறொன்றும் நான் ஆசைப்படவில்லை.

வெயில் மணலில் அவளுடைய உள்ளங்கால் பொக்களித்தது. உதடு நாவற்பழம் தின்ற மாதிரிக் கறுத்தது. பிறகு, "அண்ணை, போதும், ஏலாது" என்றாள். உரு ஏறி நிற்கும்போது அம்மன் என்னை மகனே என்றுதான் கூப்பிடுவா, அண்ணை என்று கூப்பிட மாட்டா. ஆனால் அடி பிடித்த கால் உடுக்கு ஓயாமல் ஓயாது. நான் கிட்டப் போய், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்.

"வருவான் எண்டு சொல்லு. விடுறன்."

"வருவான்! கிருபன் வருவான்!" என்று கத்தினாள். சனம் அரோகரா போட்டது.

தாட்சாயினி அழுதுகொண்டு ஓடி வந்தாள். வழக்கம் என்று சனம் அவளைப் பிடித்து வைத்தது. அன்னபாக்கியம் எழும்பி வந்து என் கையைப் பிடித்தாள். "இஞ்சாருங்கோ, நிப்பாட்டுங்கோ. எனக்கு ஒரு வாக்கும் வேண்டாம்" என்றாள். அவளுக்கு எப்போதும் இளகின மனம். நான் கையை உதறிவிட்டு அடித்தேன்.

சிவலட்சுமி வருவான் என்று சொன்ன பிறகும் ஏன் இறக்கவில்லை என்று நீங்கள் கேட்பது நியாயம். இறக்கியிருந்தால் தண்ணீர் குடித்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பாள். அடுத்த பொங்கலுக்கு மறுபடி வந்து மறுபடி இல்லை என்பாள். அந்த வாயால் இனி வேறு வாக்கு வரக்கூடாது என்று நினைத்தேன். விழுந்த பிறகும் கால் அசைந்துகொண்டிருந்தது. அது ஓயும் வரைக்கும் அடித்தேன். கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் வாக்கு அம்மனுடையது, அதையும் எழுதுங்கள்.

அன்னபாக்கியம் இன்னும் என்னைப் பார்க்க வரவில்லை. கிருபனின் படத்துக்கு மாலை போட்டு விளக்கு வைத்திருக்கிறாள் என்கிறீர்கள். அவள் அன்றைக்கும் இன்றைக்கும் அவசரக்காரிதான். யாரையாவது அனுப்பி அந்த மாலையைக் கழற்றச் சொல்லுங்கள், தம்பி. பிள்ளை வந்து பார்த்தால் பயந்து போவான்.