விலையை இறக்கிய ஊற்று

இந்தத் தண்ணீர்த் தொட்டியின் திறப்பு விழாவுக்குத் தலைமை தாங்கும் தோட்டத் தலைவர் அழகன் அவர்களே! மேடையை நிறைத்திருக்கும் பெரியவர்களே! கூடை இறக்கிய தோள்வலியோடு வந்து அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே! கடைசியில் ஒதுங்கி நிற்கும் தண்ணீர் வியாபாரி கந்தப்பா, உனக்கும் சேர்த்துத்தான் வணக்கம்!

இரண்டாம் வகுப்பைத் தாண்டாதவள் நான். ஆனால் எண்பத்து மூன்றாம் ஆண்டு மாசியில், மழை கைவிட்ட நாட்களில், யார் என்ன விலை சொன்னார் என்று கேளுங்கள், ஒன்றையும் மறக்கவில்லை!

நாம் குடியிருக்கும் லயத்தின் தண்ணீர்ப் பீலி வற்றியது. கந்தப்பன் லொறியில் குடம் ஐம்பது சதம். ஓடை மெலிந்தது, குடம் ஒரு ரூபாய். ஓடை மணலானது, குடம் மூன்று ரூபாய்! ஹட்டன் சந்தையில் லீக்ஸும் கரட்டும் கூடவே ஏறின. நம் சம்பளம் ஏறியதா? என்ன, இல்லையா? உரக்கச் சொல்லுங்கள், கந்தப்பனுக்குக் காது மந்தம்!

பிள்ளை பெற்றுப் பதினோரு நாளான ராக்காயி லொறியின் முன் நின்றாள்.

"அண்ணே, பச்ச ஒடம்புக்காரி. ரெண்டு ரூவாதான் இருக்கு."

"தண்ணி கொறஞ்சா வெல கூடும் தங்கச்சி. யாவாரம்னா அப்படித்தான்."

வீட்டிலிருந்த கோதுமை மாவை விற்றுத் தண்ணீர் வாங்கினாள். தண்ணீர் வந்தது, ரொட்டிக்குப் பிசைய மாவு இல்லை! தாய் பட்டினி, மார்பில் பால் இல்லை. அந்தக் குழந்தையின் அழுகை லயம் முழுக்கக் கேட்டது. உனக்குக் கேட்டதா கந்தப்பா?

தேயிலை மலையெல்லாம் கருகிக் கிடந்தபோது, எட்டாம் நம்பர் மலையில் பாறைக்குக் கீழே ஒரே ஒரு நிரைச் செடி மட்டும் கொழுந்து விட்டிருந்தது. தினம் கிள்ளும் விரல்களுக்குத் தெரியாதா, எந்தச் செடியின் வேர் நனைந்திருக்கிறது என்று? "இங்க தண்ணி இருக்கு" என்றேன். கங்காணி சிரித்தார்: "ஆயா, ஒனக்கு வெயிலு தலைக்கேறிருச்சு!" அந்தச் சிரிப்பையும் நான் மறக்கவில்லை.

வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டு இல்லாத ஞாயிறு. பதினாறு பெண்கள் மண்வெட்டி எடுத்தோம். ஆள் உயரம் தோண்டினோம், ஈரம்! இன்னும் ஒரு முழம், சேறு! இன்னும் ஒரு முழம், பொங்கியது ஊற்று! முதல் குடம் ராக்காயிக்கு.

மறுநாள் லொறி வந்தது. குடம் இரண்டு ரூபாய் என்றான், ஒருத்தியும் அசையவில்லை. ஒரு ரூபாய் என்றான், அசையவில்லை. இருபத்தைந்து சதம்! எங்களோடு மண்வெட்டி பிடித்த பூரணி கேட்டாள்: "அண்ணே, நாளைக்கு வந்தா எங்களுக்குக் காசு தருவீங்களா?"

விலையை ஏற்றியது வறட்சி மட்டுமா தாய்மார்களே? இவளுக்கு வேறு வழியில்லை என்ற தைரியம் அல்லவா? வழி பிறந்தது, விலை விழுந்தது!

பிறகு இதே கந்தப்பன் ஊற்றைக் குத்தகைக்குக் கேட்டான்: "வருசம் ஆயிரம் ரூவா தாறேன் ஆயா." மறைக்க மாட்டேன், எங்களில் பலருக்கு ஆசை வந்தது. கைக்குழந்தையோடு ராக்காயி எழுந்தாள்: "இன்னொருத்தி மாவ வித்து இந்தத் தண்ணிய வாங்கணுமா?" ஆசைப்பட்டவர்களே குத்தகை வேண்டாம் என்றார்கள். அன்று முதல் இந்த ஊற்றுக்கு விலையே இல்லை. இன்று அதற்குத் தொட்டியும் குழாயும் வந்திருக்கின்றன!

கந்தப்பா, நான் உன்னை மன்னிக்கவில்லை, மன்னிக்கவும் மாட்டேன். ஆனாலும் உன் வீட்டுக் குடத்தை எடுத்து வா. வரிசையில் ராக்காயிக்குப் பின்னால் நில். காசு வேண்டாம்!

மண் வெட்டிய கைகளுக்கும், இந்த வெயிலில் கேட்டிருந்த காதுகளுக்கும் நன்றி சொல்லிக் கும்பிடுகிறேன். ராக்காயி, எழுந்து வா ஆத்தா, குழாயைத் திற!