கூலர் பக்கத்தில் நின்ற ஆள்

உமைரா: ஏல இஜாஸு, ஷட்டரை யாரோ போட்டு இடிக்காங்க... காது கேக்கலியா?

இஜாஸ்: கேக்கு லாத்தா. மெதுவாப் பேசு. அவன்தான் வந்துட்டான்.

உமைரா: யாரு, ராஜபாண்டியா? அஞ்சு மணிக்கு மேலதானே வாரேன்னான்?

இஜாஸ்: சீக்கிரமே கெளம்பிட்டான் போல. நான் இல்லன்னு சொல்லு. குர்லாவுக்குப் போயிருக்கேன்னு சொல்லு.

உமைரா: நேத்தும் குர்லா, முந்தாநாளும் குர்லா. குர்லாவுல என்ன, உனக்குப் பொண்ணு பாத்து வச்சிருக்கா? போயி உண்மையச் சொல்லு. 'உன் கல்யாணத்துல எடுத்த வீடியோ பூரா போச்சுடா'ன்னு சொல்லு.

இஜாஸ்: எப்படிச் சொல்ல? செம்பூர்ல ஒரே கம்பெனியில, ஒரே டிபன் டப்பாவுல தின்னவனுவ நாங்க. வேற ஆளுகிட்டக் குடுக்கேன்னவனை 'நான்தான் எடுப்பேன்'னு சட்டையப் புடிச்சு இழுத்துட்டு வந்தேன்.

உமைரா: எடிட்டிங் சாஃப்ட்வேரு அப்டேட்டு பண்ணுன வேலைன்னு சொல்லு.

இஜாஸ்: அப்டேட்டை அமுக்குனது நான்லா.

உமைரா: நான் அப்பமே தலையில அடிச்சுக்கிட்டேன். 'பிறகு பார்க்கலாம்'னு பக்கத்துலயே ஒரு பட்டன் இருந்துச்சு. அதை அமுக்குலேன்னேன். கேட்டியா? புதுசா பூ மழை கொட்டுற எஃபெக்ட் வந்திருக்காம், இவருக்கு அது இல்லாம பொழுது விடியாதாம்...

இஜாஸ்: இப்ப எல்லாரும் பூ மழைதான் கேக்காங்க லாத்தா.

உமைரா: கொட்டிட்டுல்ல, நல்லாக் கொட்டிட்டு. ...பாரு, அடுத்த இடி. நீ தொறக்கியா, நான் தொறக்கட்டுமா?

இஜாஸ்: நீ தொற. நான் மெஷினுக்குப் பின்னாடி...

உமைரா: மெஷினுக்குப் பின்னாடி பல்லிக்கே எடம் இல்ல. பேசாம உக்காரு. ...வாரேன், வாரேன், ஷட்டரைப் பேத்துராதீங்க. யாரு? குனிஞ்சு வாங்க அண்ணாச்சி, தலையில இடிச்சிராம.

வந்தவர்: கல்யாண வீடியோ எடுக்க கடை இதுதானா தாயி?

இஜாஸ்: அப்பாடா... ராஜபாண்டி இல்ல.

வந்தவர்: ராஜபாண்டியா? அவன்... அவன் இப்ப இங்க வாரானா?

உமைரா: அஞ்சு மணிக்கு மேல வருவாரு. உங்களுக்குத் தெரிஞ்சவரா?

வந்தவர்: சொந்தம்தான். தூரத்துச் சொந்தம். டோம்பிவிலி பக்கம் இருக்கேன். ...நீ இந்தத் தம்பியோட வீட்டம்மாவா?

உமைரா: அக்கா. ஆல்பம் டிசைன் பண்ணுறது நான். வீடியோவைத் தொலைக்... வீடியோ பாக்குறது இவன்.

வந்தவர்: நல்லது. தம்பி, ஒரு ஆளை வெட்டணும்.

உமைரா: யா அல்லா... யாரை?

வந்தவர்: வீடியோவுலதாம்மா. ராஜபாண்டி கல்யாண வீடியோவுல ஒருத்தன் நிக்கான். அவனை மட்டும் எடுத்துரணும்.

இஜாஸ்: எங்க நிக்காரு?

வந்தவர்: ஹால்ல கடைசியில. காத்துக்குப் பெரிய கூலர் ஒண்ணு வச்சிருந்தாங்கல்லா, அது பக்கத்துல. நீலக் கட்டம் போட்ட சட்டை. மூஞ்சியில மாஸ்க்கு.

உமைரா: மாஸ்க்கா? கொரோனா எல்லாம் எப்பமோ போயாச்சே. ஓசிச் சாப்பாட்டுக்கு வந்த ஆளா இருக்கும். எல்லாக் கல்யாணத்துலயும் அப்படி நாலு பேரு...

வந்தவர்: அவன் சாப்பிடல.

உமைரா: உங்களுக்கு எப்படித் தெரியும்?

வந்தவர்: ...பாத்தேன். பந்திக்கு முன்னாடியே போயிட்டான்.

உமைரா: அவரால உங்களுக்கு என்ன எடைஞ்சல்? ஓரமா நின்னா நின்னுட்டுப் போறாரு.

வந்தவர்: அவன் அங்க வந்திருக்கவே கூடாதும்மா. நம்ம ஊர்க்காரங்க சங்கத்துல அத்தனை பேருக்கு முன்னாடி, 'மராத்திப் பொண்ணைக் கட்டுற கல்யாணத்துல நான் கால் வைக்க மாட்டேன்'னு சொன்னவன். இப்ப மாப்பிள்ளையோட அம்மா இருக்கால்லா, பேராச்சி... வர்ற ஞாயித்துக்கிழமை தெருவையே கூப்பிட்டு டிவியில போட்டுக் காட்டப் போறாளாம். அதுல அவன் நிக்குறது தெரிஞ்சா, அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு சங்கத்துக்குள்ள போவான்?

உமைரா: மாஸ்க்குதான் போட்டிருந்தாருல்ல. யாருக்குத் தெரியப் போவுது?

வந்தவர்: ஒரு தடவை எறக்குனான். மூச்சு முட்டுச்சு போல.

உமைரா: ஏல, உனக்கு என்ன ஆச்சு? வந்ததுல இருந்து அவரு மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருக்க.

இஜாஸ்: ஒண்ணும் இல்ல. ...அண்ணாச்சி, டீ சொல்லட்டுமா?

வந்தவர்: டீ வேண்டாம். வேலை ஜல்தியா முடிஞ்சாப் போதும். ஆனா வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவை போட்டுக் காட்டு.

இஜாஸ்: அந்த ஆளையா?

வந்தவர்: அவனை மட்டும் எப்படித் தேட? மொதல்ல இருந்து போடு. நான் பாட்டுக்கு உக்காந்திருக்கேன். அவன் வாரப்ப சொல்லுதேன்.

உமைரா: மொதல்ல இருந்தா? மூணு மணி நேரம் ஓடும்.

வந்தவர்: ஓடட்டுமே. எனக்கு என்ன அவசரம்?

உமைரா: இப்பத்தானே ஜல்தின்னீங்க.

வந்தவர்: ...அது வெட்டுறதுக்கு.

இஜாஸ்: போட முடியாது அண்ணாச்சி.

வந்தவர்: ஏன்? அவனைக் கேக்காம யாருக்கும் காட்டக் கூடாதோ? நான் யாருட்டயும் சொல்ல மாட்டேன்.

இஜாஸ்: அதில்ல. இங்க வந்து இந்த ஸ்கிரீனைப் பாருங்க.

வந்தவர்: பூரா செவப்பா இருக்கு.

இஜாஸ்: இது பொண்ணு அழைப்பு. இது மாலை மாத்துறது. இது தாலி கட்டு. இது பந்தி. எதுக்கு அப்புறம் எது வரணும்னு வெட்டி ஒட்டுன கணக்கு அப்படியே இருக்கு. படம் மட்டும் இல்ல. பந்திக்கு எலை போட்டாச்சு, சோத்தைக் காணோம்.

வந்தவர்: எங்க போச்சு?

இஜாஸ்: பெரிய டிஸ்க்கு நெறஞ்சு போயிருந்துச்சு. எடுத்த வீடியோவை எல்லாம், இந்த சாஃப்ட்வேரு தனக்குன்னு ஒரு ஃபோல்டர் வச்சிருக்கும், அதுக்குள்ள போட்டு வச்சேன். அங்க போட்டா வேகமா ஓடும். அப்டேட் ஆவுறப்ப அது தன்னோட குப்பைன்னு நெனச்சு எல்லாத்தையும் கூட்டித் தள்ளிட்டு.

வந்தவர்: அந்தக் கம்பெனிக்காரனுக்குப் போனைப் போடு. கல்யாண வீடு எது, குப்பை எதுன்னு தெரியாமயா ஒரு மெஷினைச் செய்வான்?

இஜாஸ்: அவன் எழுதித்தான் போட்டிருக்கான். 'இங்க எதையும் வைக்காதே'ன்னு. வச்சது நான்.

வந்தவர்: அப்போ... அந்த ஆளு?

உமைரா: அவரும் போயிட்டாரு. உங்களுக்கு வேலை மிச்சம்.

வந்தவர்: ஆமா. ...நல்லதாப் போச்சு.

உமைரா: வாயி அப்படிச் சொல்லுது. மூஞ்சி சொல்லலியே.

வந்தவர்: இல்லம்மா, நல்லதுதான். இனிமே எவன் என்ன கேட்டாலும்... நல்லதுதான். ...தம்பி, கேமராவுல இருக்கும்லா?

இஜாஸ்: கார்டை மறுநாளே அழிச்சாச்சு. ஆன்டாப்ஹில்ல ஒரு நிக்காஹ் இருந்துச்சு. அதே கார்டுல அதை எடுத்தேன்.

வந்தவர்: அழிஞ்சதைத் தோண்டி எடுத்துத் தாரதுக்கு ஆளு இருக்காங்களாமே?

இஜாஸ்: குர்லாவுல ஒருத்தரு இருக்காரு. அவருகிட்டத்தான் மூணு தடவை போயிட்டு வந்தேன். டிஸ்க்குல அழிஞ்ச எடத்து மேலயும் வேற வீடியோவைக் காப்பி பண்ணிட்டேன். அதனால ஒண்ணும் தேறாதுன்னுட்டாரு.

வந்தவர்: தாலி கட்டுனதும் போச்சா?

உமைரா: நீங்கதான் நேர்லயே பாத்திருப்பீங்களே அண்ணாச்சி.

வந்தவர்: எங்க பாக்க? மராத்திக்காரங்க மொறையில ரெண்டு பேருக்கும் நடுவுல துணியப் புடிச்சுட்டாங்க. அவங்க ஐயரு பாட ஆரம்பிச்ச ஒடனே ஹால்ல எல்லாரும் எந்திரிச்சுட்டாங்க. முன்னாடி பூரா முதுகு. ஒரு பொம்பளப்புள்ள ஓடி வந்து கையில அரிசியத் திணிச்சுட்டுப் போச்சு. பாட்டு நிக்கும்போதெல்லாம் எறியணுமாம். எறிஞ்சா, கூலர் காத்து அப்படியே திருப்பி என் சட்டையிலேயே... அவன் சட்டையிலேயே கொட்டுச்சு.

உமைரா: யாரு சட்டையில?

வந்தவர்: அந்த ஆளு சட்டையில.

உமைரா: ...சரி. அந்த ஆளு என்ன பண்ணுனாரு?

வந்தவர்: பொறுக்கி மறுபடி எறிஞ்சான். அதுவும் போய்ச் சேரல. அதுக்குள்ள மேளம் கொட்டிட்டாங்க. துணிய எடுத்து, தாலியக் கட்டி, எல்லாம் முடிஞ்சு போச்சு. அவன் ஒண்ணையும் பாக்கல.

உமைரா: பேராச்சி அக்கா போன்ல எடுத்திருப்பாங்களே. கேட்டிருக்கலாம்லா அவரு?

வந்தவர்: எந்த வாயால கேப்பான்? அவ பட்டுச்சேலையக் கட்டிக்கிட்டுப் பொறப்படுறப்ப, செவுத்தைப் பாத்துத் திரும்பிப் படுத்துக் கெடந்தவன். வாசல்ல நின்னு ஒரு தடவை கூப்பிட்டா. எந்திரிக்கல. அவ தெருமுக்குல திரும்புன பொறவு எந்திரிச்சு, அவசரமாச் சட்டைய மாட்டுனவன்.

உமைரா: ...அந்த சேரை இழுத்துப் போட்டு உக்காருங்க. என் போன்ல ஒரு சின்னத் துண்டு இருக்கு. கல்யாணத்துக்கு மறுநாள், ஸ்டேட்டஸ்ல வைக்கதுக்காக ஒரு நிமிஷத்துக்கு வெட்டிக் குடுத்தது. தப்பிச்சது இது ஒண்ணுதான். தாலி கட்டு இதுல வரும்.

வந்தவர்: கண்ணாடி எடுத்துட்டு வரல. கொஞ்சம் பெருசாக்கும்மா.

உமைரா: இந்தாங்க, இப்படிச் சாய்ச்சுப் புடிங்க. ...தெரியுதா?

வந்தவர்: தெரியுது. ...வேட்டிய யாரு கட்டிவிட்டா?

இஜாஸ்: நான்தான். போன்ல பாத்துப் பாத்துக் கட்டுனேன்.

வந்தவர்: நெனச்சேன். இடுப்புல இன்னும் ஒரு மடிப்பு வச்சிருக்கணும். நழுவுது பாரு. பாவம், ஒரு கையால புடிச்சுக்கிட்டே நிக்கான்.

இஜாஸ்: கட்டிவிட வேற ஆளு இல்ல அண்ணாச்சி. அவன் எங்கிட்ட, 'லுங்கி கட்டுவல்ல, அதே மாதிரி கட்டிவிடு'ன்னான்.

உமைரா: பொண்ணு பேரு சாதனா. தங்கமான புள்ள. 'வாங்க அக்கா, சாப்பிட்டீங்களா'ன்னு தமிழ்ல கேட்டுச்சு. யாரு சொல்லிக் குடுத்தான்னு கேட்டா, 'அத்தை'ங்குது.

வந்தவர்: சிரிக்கா. தாலி ஏறுற நேரத்துல சிரிக்கா பாரு.

இஜாஸ்: முடிச்சுப் போடத் தெரியாம முழிச்சான். அதான்.

வந்தவர்: ரெண்டு முடிச்சு இவன் போட்டிருக்கான். மூணாவதைப் பேராச்சி போடுதா. ...அவளுக்குப் பக்கத்துல ஒரு எடம் காலியாக் கெடக்கு.

உமைரா: யாரையும் நிக்க விடல அண்ணாச்சி. அவங்க அண்ணன் வந்து நின்னப்பகூட, 'அந்தப் பக்கம் நில்லுங்க'ன்னுட்டாங்க.

வந்தவர்: ...இன்னொரு தடவை போடு தாயி.

உமைரா: போன் உங்க கையிலதான் இருக்கு. எத்தனை தடவை வேணும்னாலும் பாருங்க.

வந்தவர்: ...போதும். மணி என்ன?

உமைரா: அஞ்சு ஆவப் போவுது.

வந்தவர்: அப்போ நான் கெளம்புதேன். நான் வந்தேன்னு அவன்கிட்டச் சொல்ல வேண்டாம். ஆளை வெட்ட வேண்டிய அவசியமும் இல்லாமப் போச்சு.

இஜாஸ்: இருங்க. நீங்களும் போயிட்டா அவனுக்குக் குடுக்க எங்கிட்ட ஒண்ணும் இல்ல.

வந்தவர்: கூட்டாளிதானே, விஷயத்தைச் சொல்லு. ரெண்டு வார்த்தை ஏசுவான், அப்புறம் சரியாயிருவான். தாலி கட்டுனதுதான் இதுல இருக்கே.

இஜாஸ்: தாலி கட்டுனதை அவன் கேக்கல.

வந்தவர்: வேற என்ன கேட்டான்?

இஜாஸ்: அப்டேட்டுக்கு முந்தின வாரம் இங்க வந்து, இதே சேர்ல உக்காந்து பூராவும் பாத்தான். ஒரு எடத்துல நிறுத்தச் சொன்னான். அப்புறம், 'வீடியோவை மெதுவாக் குடு, இதை மட்டும் பெரிய படமாப் போட்டு பிரேம் பண்ணிக் குடு'ன்னான். அதைத் தொலைச்சுட்டுத்தான் அவன் கண்ணுல படாம ஒளிஞ்சுக்கிட்டுத் திரியேன்.

உமைரா: எதைல? எங்கிட்டக்கூடச் சொல்லலியே நீ.

இஜாஸ்: யாருட்டயும் சொல்லாதன்னான் லாத்தா.

வந்தவர்: எந்த எடம் தம்பி?

இஜாஸ்: நீங்க மாஸ்க்கை எறக்கிட்டு, சட்டையில விழுந்த அரிசியப் பொறுக்கி மறுபடி எறிஞ்சீங்கல்ல மாமா, அந்த எடம்... 'எங்கப்பா எனக்கு அட்சதை போட்ட படம்டா, வாசலுக்கு நேரா மாட்டணும்'னு சொன்னான்.