முதல் டம்ளர் பால்

கொஞ்ச நேரம் முன்னாடி இந்த மேடையில ஒரு பொண்ணு பாடப் புத்தகத்துல ஒரு பக்கத்தை அப்படியே ஒப்பிச்சுது. ஒரு எழுத்து பிசகல. நானும்தான் கை தட்டினேன். கீழ வந்து என் பக்கத்துல உக்காந்துச்சு. மெதுவாக் கேட்டேன்... "கண்ணு, அதுல என்னம்மா சொல்லியிருக்கு?" உடனே மறுபடி முதல் வரியிலேருந்து ஆரம்பிச்சுது!

சிரிக்காதீங்க. நாம எல்லாரும் அப்படிப் படிச்சவங்கதான். ஆசிரியர்கள் வரிசையில மட்டும் சிரிப்பு கொஞ்சம் கம்மியா இருக்கு... பரவாயில்லை.

இதுக்கு என்கிட்ட ஒரு குட்டிக் கதை இருக்கு. ஒரு டீ குடிக்கற நேரம்தான் ஆகும். கேக்கறீங்களா?

மலர்க்கொடின்னு ஒரு அம்மா. வீட்டுக்காரர் சிங்காரம், பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல டீக்கடை வெச்சிருக்காரு. ஒரே பொண்ணு, தன்ஷிகா, ஏழு வயசு. சிங்காரத்துக்கு ஒரு வழக்கம். காலைல பொண்ணைத் தூக்கத்தோடயே தோள்ல போட்டுக்கிட்டுக் கடைக்குப் போவாரு. பால் பொங்கினதும் முதல் டம்ளர் அவளுக்கு. அவ குடிச்சுட்டு உதட்டைத் துடைச்ச அப்புறம்தான் ஊருக்கு டீ. எந்தப் பெரிய மனுஷன் வந்து நின்னாலும் சரி... முதல் டம்ளர் பொண்ணுக்குத்தான்.

அந்தப் பொண்ணுக்குத் தொண்டையில சதை வளந்து, ஆபரேஷன் பண்ணணும்னு சொல்லிட்டாங்க. நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்கு ஆபரேஷன். இன்னிக்கு சாயங்காலம், ஜெசிந்தான்னு ஒரு நர்ஸ் மலர்க்கொடி கையில ஒரு காகிதத்தைக் குடுக்கறாங்க. என்ன எழுதியிருக்கு? "இரவு பன்னிரண்டு மணிக்குப் பின் குழந்தைக்குத் திட உணவோ திரவ உணவோ, தண்ணீர் உட்பட, எதுவும் வாய்வழியாக வழங்கலாகாது."

"புரிஞ்சுதாம்மா?"

"ஓ, புரிஞ்சுது சிஸ்டர்!"

நம்ம மலர்க்கொடி பள்ளிக்கூடத்துல ஒப்பித்தல் போட்டியில எவர்சில்வர் தட்டு வாங்கினவங்க. காகிதத்தைப் பாக்காமலே ஒரே மூச்சுல சொன்னாங்க. "திட உணவோ திரவ உணவோ, தண்ணீர் உட்பட..." ஒரு எழுத்து பிசகல!

ஜெசிந்தா கை தட்டல. அந்தக் காகிதத்தை வாங்கி மேஜையில கவுத்து வெச்சாங்க. "சரிம்மா. இப்ப நான்தான் உங்க வீட்டுக்காரர்னு வெச்சுக்கோங்க. நான் இந்தக் காகிதத்தைப் பாக்கவே இல்ல. என்கிட்ட என்ன சொல்வீங்க?"

மலர்க்கொடிக்கு வெக்கம். முந்தானையை வாயில வெச்சுக்கிட்டு ஆரம்பிக்கறாங்க... "ஏங்க... நாளைக்கு பாப்பாவுக்கு இட்லி கிட்லின்னு எதுவும் ஊட்டிடாதீங்க. வயிறு காலியா இருக்கணுமாம். நீங்க எப்பவும் குடுக்கற பாலை மட்டும் குடுத்துக் கூட்டிட்டு வாங்க, போதும்."

...

பாத்தீங்களா? 'திரவ உணவு'ன்னு அந்த வாய்தானே சொன்னுச்சு? 'தண்ணீர் உட்பட'ன்னு அந்த வாய்தானே சொன்னுச்சு? சொன்னுச்சு. ஆனா வாயோட நின்னுடுச்சு.

"பாலா?"ன்னாங்க ஜெசிந்தா.

"பால்தானே சிஸ்டர்... தினமும் குடிக்கறதுதானே?"

ஜெசிந்தா கோவப்படல. நாற்காலியைக் கிட்ட இழுத்துப் போட்டு உக்காந்தாங்க. "அம்மா, பாப்பாவுக்கு மயக்க மருந்து குடுப்போம். அப்ப வயித்துல இருக்கற பால் மேல ஏறி மூச்சுக்குழாய்க்குள்ள போயிடலாம். மயக்கத்துல இருக்கற பிள்ளைக்கு இருமத் தெரியாது. உயிருக்கே ஆபத்தாயிடும்மா."

மலர்க்கொடிக்கு முகமே வெளுத்துப்போச்சு. "ஐயோ! நான் இன்னிக்கே சொல்லிடறேன்... அவளுக்கு இனிமே பாலே ஆகாது, கண்ணுல காட்டாதீங்கன்னு!"

"அப்படியா போட்டிருக்கு?" காகிதத்தைத் திருப்பிக் காட்டினாங்க ஜெசிந்தா. "பன்னெண்டு மணிக்கு மேலதான் கூடாது. இன்னிக்கு ராத்திரி எட்டு மணிக்கு நல்லா சாப்பிடலாம். இருக்கறதை விடவும் கூடாது, இல்லாததைச் சேக்கவும் கூடாது. மறுபடி சொல்லுங்க, நான் உங்க வீட்டுக்காரர்."

இந்தத் தடவை மலர்க்கொடி வெக்கப்படல. ஒரு நிமிஷம் கண்ணை மூடி, அந்தக் கடையை நினைச்சுப் பாத்தாங்க. அந்தப் பாலை நினைச்சுப் பாத்தாங்க. அப்புறம் சொன்னாங்க... "ஏங்க, பாப்பாவுக்கு எட்டு மணிக்கே வயிறு நிறைய சாப்பாடு குடுத்துடலாம். பன்னெண்டு மணிக்கு மேல பச்சைத் தண்ணிகூடக் கிடையாது. மயக்கத்துல மூச்சு அடைச்சுக்குமாம். காலைல அவளைக் கடைக்குத் தூக்கிட்டுப் போகாதீங்க. நாளைக்கு ஒரு நாள், முதல் டம்ளர் பாலை வேற யாருக்காவது குடுத்துடுங்க."

ஜெசிந்தா அப்பத்தான் கை தட்டினாங்க.

அந்தக் காகிதத்துல கடை இருந்துச்சா? டம்ளர் இருந்துச்சா? சிங்காரம் இருந்தாரா? இல்ல. ஆனா அந்தக் காகிதம் சொல்ல வந்தது ஒண்ணு விடாம மலர்க்கொடி சொன்னதுல இருந்துச்சு.

மறுநாள் காலைல பால் பொங்குச்சு. சிங்காரம் பழக்கத்துல முதல் டம்ளரை ஆத்தி, தோள்பக்கம் நீட்டினாரு. தோள்ல யாருமில்ல. எதிர்ல நின்ன கண்டக்டர்கிட்டக் குடுத்துட்டுத் திரும்பிக்கிட்டாரு. கண்ணு கலங்கிடுச்சு அந்த மனுஷனுக்கு. ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. பத்து நாள் கழிச்சு, முதல் டம்ளர் பழையபடி அவ கைக்கே வந்துச்சு.

இதைத்தான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். படிச்சதைச் சொந்த வார்த்தையில சொல்றதுன்னா, ஒரு வார்த்தையை எடுத்துட்டு அதே அர்த்தத்துல இன்னொரு வார்த்தையை ஒட்டறது இல்ல. புத்தகத்தைக் கவுத்து வெச்சுட்டு, அதைப் படிக்காத ஒரு ஆளை எதிர்ல உக்கார வெச்சு, அவங்க வாழ்க்கையில வெச்சுச் சொல்றது. அப்புறம் புத்தகத்தைத் திருப்பி, விட்டது என்ன, கூட்டினது என்னன்னு பாக்கறது. அப்பத்தான் நமக்குப் புரியலைங்கறதே நமக்குத் தெரியும்.

எங்கம்மா அந்தப் பொண்ணு...? ஆ, நீதான். நல்லாத்தான் ஒப்பிச்சே கண்ணு, உன்னைக் குறை சொல்லல. இன்னிக்கு வீட்டுக்குப் போனதும் அந்தப் பக்கத்தை மூடி வெச்சுட்டு, உங்க அப்பாகிட்டப் போய் அதுல என்ன இருக்குன்னு சொல்லு. நடுவுல எங்கயாவது திக்குவே. திக்கட்டும்... அந்த இடத்துலதான் நீ படிக்கவே ஆரம்பிக்கறே.