ரெங்கம்மாளின் எம்.பி.ஏ. பரீட்சை

ரெங்கம்மாள்: இன்னொரு மிதி மிதிங்க.

வெள்ளைத்துரை: மிதிச்சு மிதிச்சு முழங்காலு கழண்டு போச்சு. இது ஸ்கூட்டரா, செக்கா?

ரெங்கம்மாள்: சாய்ச்சுப் பாருங்க.

வெள்ளைத்துரை: சாய்ச்சாச்சு. எடப்பக்கமும் சாய்ச்சாச்சு, வலப்பக்கமும் சாய்ச்சாச்சு. இனி தலகீழா நிப்பாட்ட வேண்டியதுதான்.

ரெங்கம்மாள்: மணி ஒம்போதே முக்கா. பத்து மணிக்குப் பரீட்ச. பத்தரைக்கு மேல காலேஜ் கேட்டுக்குள்ளயே விட மாட்டாங்க.

வெள்ளைத்துரை: தெரியும்டி. கோச்சடைல வண்டி ஏறுனதுலருந்து இதையேதான சொல்லிட்டு வார.

ரெங்கம்மாள்: அவனியாபுரம் இன்னும் எம்புட்டுத் தூரம்?

வெள்ளைத்துரை: அந்தா, அந்தப் பனமரத்தத் தாண்டி ஒரு மைல். காலேஜு அதுக்கும் அங்கிட்டு ரெண்டு மைல். நடந்தா நாளைக்குப் போய்ச் சேரலாம்.

ரெங்கம்மாள்: வெளாட்டு வேணாம்.

வெள்ளைத்துரை: வெளாட்டா? வெயில்ல ஸ்கூட்டரோட மல்லுக்கட்டுறது நானு. ஊருல ஒரு பொம்பள ஒரு படிப்புப் படிப்பா. நீ ஒரே சமயத்துல ரெண்டு! நர்சிங்ல பி.எச்.டி.... சரி. பதினெட்டு வருசமா நர்சா இருக்க, அதுல டாக்டர் பட்டம் வாங்குற, நியாயம். கூடவே இந்த எம்.பி.ஏ. எதுக்குங்கேன்? ஊசி போடுறவளுக்கு யாவாரப் படிப்பு எதுக்கு?

ரெங்கம்மாள்: நூறு தடவ சொல்லியாச்சு.

வெள்ளைத்துரை: நூத்தியோராவது தடவ சொல்லு. வண்டி கெளம்புற வரைக்கும் வேற என்ன வேல நமக்கு?

ரெங்கம்மாள்: தீசிஸ எடுத்துக்கிட்டு எங்க ஆஸ்பத்திரி மீட்டிங்குக்குப் போனேன்ல... எந்த வார்டுல நர்சு கொறைச்சலோ அந்த வார்டுல புண்ணு ஆற நாளாகுது, சாவும் கூடுது. மூணு வருசம் வார்டு வார்டா நின்னு எழுதுனது.

வெள்ளைத்துரை: அதான் வீட்டுக் கட்டில் பூராம் காயிதமாக் கெடக்கே. எனக்குப் படுக்கை தரைல.

ரெங்கம்மாள்: குறுக்க பேசாதீங்க. அம்புட்டையும் கேட்டுட்டு அந்த மேனேஜர் என்ன சொன்னாரு? "சிஸ்டர், இதெல்லாம் நிர்வாக விசயம், ஒங்களுக்குப் புரியாது. நீங்க போயி வார்டப் பாருங்க." டீ ஊத்திக் குடுக்கச் சொல்லல, அம்புட்டுதான்.

வெள்ளைத்துரை: அதுக்கு?

ரெங்கம்மாள்: அதுக்குத்தான். எங்க வார்டுல ஆபரேசன் முடிஞ்சு படுத்திருந்த புள்ள, இருவத்தஞ்சு வயசு, செத்துப் போச்சு. ரத்தம் போய்க்கிட்டே இருந்தது யாருக்கும் தெரியல. இருந்த ஒரு நர்சும் மத்த முப்பத்தொம்போது பேரப் பாத்துக்கிட்டு நின்னா. கடைசில எல்லாரும் அந்த நர்சத்தான் திட்டுனாங்க. ஆளப் போடாதவன ஒருத்தரும் திட்டல. எம்புட்டு ஆளுன்னு முடிவு பண்ற எடத்துல நான் உக்காரணுங்க. ஒனக்குப் புரியாதுன்னு எவனும் சொல்லக் கூடாது. அதுக்கு அவுங்க படிப்பையும் படிச்சாத்தான் ஆகும்.

வெள்ளைத்துரை: இரு, ப்ளக்கப் பாக்குறேன்.

ரெங்கம்மாள்: பாருங்க, பாருங்க.

வெள்ளைத்துரை: அந்த எடம் மெட்ராஸ்லல்ல இருக்கு, அதச் சொல்லு. அங்கத்த ஆஸ்பத்திரிலருந்து லெட்டர் வந்துச்சே. படிப்பு முடிஞ்சதும் நர்சிங் டைரக்டரு, குவார்ட்டர்ஸ், காரு...

ரெங்கம்மாள்: முடிஞ்சாத்தான. முடியட்டும், பாப்போம்.

வெள்ளைத்துரை: நான் இங்க விசில ஊதிக்கிட்டுத் திரியுற டிரில் மாஸ்டரு. சின்னத்தாயி அடுத்த வருசம் பத்தாவது. பெத்த மகளுக்குச் சோறு யாரு பொங்குவா?

ரெங்கம்மாள்: இப்ப மட்டும் யாரு பொங்குறா?

வெள்ளைத்துரை: அதத்தான சொல்றேன்! நாந்தான் பொங்குறேன்!

பேயாண்டி: என்னண்ணே, வண்டி மக்கர் பண்ணுதா?

ரெங்கம்மாள்: அண்ணே, நீங்க மெக்கானிக்கா? கையெல்லாம் கிரீசா இருக்கே.

பேயாண்டி: ஆமாம்மா. அவனியாபுரத்துல வொர்க்ஷாப்பு. பேயாண்டின்னு கேட்டா யாரும் சொல்லுவாக. சைக்கிள ஓரங்கட்டுறேன், இருங்க. அவசரமாப் போறீகளோ?

வெள்ளைத்துரை: இவுக பரீட்ச எழுதப் போறாக.

பேயாண்டி: டீச்சரம்மாவா?

வெள்ளைத்துரை: நர்சம்மா. டாக்டராகப் போற நர்சம்மா.

பேயாண்டி: அப்ப இந்த மூட்டு வலிக்கு ஒரு மாத்திர...

வெள்ளைத்துரை: அந்த டாக்டரு இல்லப்பா. இது வேற. மருந்து எழுத மாட்டாக, தடிப் புத்தகமா எழுதுவாக. இன்னைக்கு எழுதப் போறது அதுவுங்கூட இல்ல, யாவாரப் பரீட்ச.

பேயாண்டி: ஒண்ணும் வெளங்கலண்ணே.

வெள்ளைத்துரை: பதினாறு வருசமாக் குடும்பம் நடத்துறேன், எனக்கே வெளங்கல.

ரெங்கம்மாள்: இவருகூடப் பேசுனா பொழுது போயிரும். நீங்க வண்டியப் பாருங்கண்ணே. நான் அந்த ஸ்டாப்புல போயி நிக்கிறேன். பஸ்ஸு வந்தா ஏறிப் போயிருவேன்.

வெள்ளைத்துரை: போ, போ. நான் பாத்துக்கிறேன்.

பேயாண்டி: அண்ணே...

வெள்ளைத்துரை: என்னப்பா?

பேயாண்டி: பெட்ரோல் டேப்பு மூடிக் கெடக்கே!

வெள்ளைத்துரை: ஸ்ஸ்... சத்தம் போடாத.

பேயாண்டி: தெறந்து விட்டா இந்தாக் கெளம்பிரும்...

வெள்ளைத்துரை: தொடாதப்பா! நாந்தான் மூடுனேன்.

பேயாண்டி: நீங்களா?

வெள்ளைத்துரை: வில்லாபுரத்துல வெத்தல வாங்க நிப்பாட்டுனேன். அங்க வச்சு மூடுனேன். இம்புட்டுத் தூரம் வந்து நின்னுருச்சு.

பேயாண்டி: மூடுனது நீங்க... மிதிக்கிறதும் நீங்களா? சட்ட பூராம் வேர்வையா இருக்கேண்ணே!

வெள்ளைத்துரை: மிதிக்காட்டி சந்தேகப்படுவால்ல.

பேயாண்டி: நல்லா இருக்கு போங்க. ஏன்ணே இந்த வேல?

வெள்ளைத்துரை: இந்தப் பரீட்ச ஒண்ணுதான் பாக்கி. இதையும் எழுதிட்டா மெட்ராசுக்குப் போயிருவா. பள்ளிக்கூடத்துல வாத்தியாருக கேக்குறாக, "மாப்ள, டாக்டரம்மா ஒங்களையும் கூட்டிட்டுப் போறாகளா, இல்ல இங்கயே விட்டுட்டுப் போறாகளா"ன்னு. சிரிச்சுக்கிட்டே வந்துட்டேன். இன்னைக்கு வெத்தலக் கடைல நிக்கையில கை தன்னால போயிருச்சுப்பா.

பேயாண்டி: கூட்டிட்டுப் போவாகளான்னு நீங்க கேட்டீகளா?

வெள்ளைத்துரை: அத எப்புடிக் கேக்குறது?

பேயாண்டி: வாயாலதான். வெயில் ஏறுதுண்ணே. கடையப் பூட்டாம வந்துட்டேன். தெறக்கவா, வேணாமா?

வெள்ளைத்துரை: இரு, இரு... அந்தா பஸ்ஸு வருது. ஏறிட்டான்னா நல்லது. நான் செஞ்சது இல்லைன்னு ஆயிரும்.

பேயாண்டி: இந்த லாரிக்காரன் குறுக்க வந்து மறைக்கிறானே... நின்னுச்சா?

வெள்ளைத்துரை: தெரியல... போயிருச்சு. அந்தா, அங்கயே நிக்கிறா. பைய நெஞ்சோட அணைச்சுக்கிட்டுத் திரும்பி வாரா பாரு. கல்யாணமான புதுசுல பிரசவ வார்டு டூட்டி முடிஞ்சு ஒரு நா இப்புடித்தான் வந்தா, மொகம் செத்துப் போயி... தள்ளுப்பா. நானே தெறக்குறேன்.

ரெங்கம்மாள்: பஸ்ஸு நிக்காமப் போயிருச்சு. இங்க என்னாச்சு?

பேயாண்டி: ப்ளக்குல அடைப்பும்மா. எடுத்து விட்டாச்சு. அண்ணே, ஒரே மிதி, பாருங்க... கெளம்பிருச்சா! போங்க, போங்க. நல்லா எழுதுங்கம்மா, அது எந்தப் பரீட்சையா இருந்தாலும் சரி.

வெள்ளைத்துரை: ஏறு. கெட்டியாப் பிடிச்சுக்க. மணி என்ன?

ரெங்கம்மாள்: பத்து பத்து.

வெள்ளைத்துரை: இந்தாப் போயிரலாம்... ரெங்கு.

ரெங்கம்மாள்: ம்.

வெள்ளைத்துரை: மெட்ராசுக்கு... என்னையும் கூட்டிட்டுப் போவியா?

ரெங்கம்மாள்: என்ன? காத்துல கேக்கல.

வெள்ளைத்துரை: என்னையும் கூட்டிட்டுப் போவியான்னேன்!

ரெங்கம்மாள்: ஏன் இப்புடிக் கத்துறீங்க? ரோட்டுல போறவன் பூராம் திரும்பிப் பாக்குறான்.

வெள்ளைத்துரை: பதிலச் சொல்லு.

ரெங்கம்மாள்: கூட்டிட்டுப் போகாம? எங்க வீட்டுக்காரரு டிரில் மாஸ்டரு, பக்கத்துப் பள்ளிக்கூடம் எதுலயாச்சும் எடம் இருக்குமான்னு அவுங்களுக்குப் பதில் எழுதயில அதத்தான் மொதல்ல கேட்டேன்.

வெள்ளைத்துரை: எப்ப?

ரெங்கம்மாள்: ரெண்டு மாசமாச்சு.

வெள்ளைத்துரை: ஏன்டி சொல்லல?

ரெங்கம்மாள்: நீங்க மெட்ராஸ்னாலே மொகத்தத் தூக்குறீங்க. எப்பச் சொல்றது? பள்ளம், பள்ளம்... பாத்து!

வெள்ளைத்துரை: பாத்துட்டேன், பாத்துட்டேன்.

ரெங்கம்மாள்: இந்தக் கேட்டுதான். நிப்பாட்டுங்க. பத்து இருவத்தஞ்சு... ஹால் டிக்கெட்டு இருக்கு, பேனா இருக்கு...

வெள்ளைத்துரை: நில்லு. ஒண்ணச் சொல்லிர்றேன். ப்ளக்குலயும் அடைப்பு இல்ல, ஒரு எழவும் இல்ல. நாந்தான் பெட்ரோல மூடுனேன்.

ரெங்கம்மாள்: தெரியும்.

வெள்ளைத்துரை: என்னது?

ரெங்கம்மாள்: வில்லாபுரத்துல ஒங்க கை சீட்டுக்குக் கீழ போச்சுல்ல, பாத்தேன்.

வெள்ளைத்துரை: பாத்துட்டா என்னைய அந்த மிதி மிதிக்க விட்ட? அடிப்பாவி, ஒரு வார்த்த சொல்லியிருந்தா பத்து மணிக்கு முன்னால வந்து உக்காந்திருக்கலாமே!

ரெங்கம்மாள்: அதுக்குத்தான் சொல்லல. இந்த யாவாரச் சட்டப் பேப்பர்ல நான் ரெண்டு தடவ பெயிலுங்க... யாருகிட்டயும் சொல்லல. நீங்க மூடுனதப் பாத்ததும் எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. பழிய ஒங்க மேல போட்டுட்டு வீட்டுக்குத் திரும்பிறலாம்னு நின்னேன். கைய விடுங்க, வாட்ச்மேன் கேட்டப் பூட்ட வாராரு, உள்ள போறேன்... பஸ்ஸு நிக்காமப் போகலங்க. நின்னுச்சு. கண்டக்டரு "ஏறும்மா, ஏறும்மா"ன்னு ரெண்டு தடவ கூப்புட்டாரு. நாந்தான் ஏறல.