சாக்பீஸ் மாத்திரை

இந்தப் போலீஸ் ஸ்டேஷனில் நீங்கள் யாரும் ராத்திரி சரியாகத் தூங்கியிருக்க மாட்டீர்கள் சார். அதனால் சுருக்கமாகவே சொல்கிறேன். எழுதிக்கொள்ள வசதியாக நிறுத்தி நிறுத்திப் பேசுகிறேன்.

என் பெயர் மதிவதனி. பி.எஸ்ஸி. வேதியியல். பென்னலூரில் ஞாபக சக்தி மாத்திரை செய்யும் கம்பெனியில் கெமிஸ்ட். வல்லாரைப் பொடியை மெஷினில் அழுத்தினால் பச்சை மாத்திரை. முதலாளி பரசுராமன் அதற்கு மூன்று பலன் சொல்வார். மனசு உற்சாகமாக இருக்கும். கவனம் கூடும். மூன்றாவதை நோட்டீஸில் அச்சடிக்கவில்லை, ஆண்களிடம் மட்டும் சொல்வார்: இரண்டு மாத்திரை போட்டுக்கொண்டு குடித்தால் போதை அழகாக ஏறுமாம்.

என் தங்கை ஜோதிக்கு வலிப்பு. ஜி.எச்.சில் கொடுத்த வெள்ளை மாத்திரையால் நான்கு வருடமாக வராமல் இருந்தது. ஆனால் பகலெல்லாம் தூங்கி வழிவாள். ஜூனில் பிளஸ் டூ போக வேண்டும். சித்திரைத் திருவிழாவில் கம்பெனி கடை போட்டிருந்தபோது அம்மா முதலாளியிடம் அதைச் சொன்னாள்.

"இங்கிலீஷ் மருந்து மூளைய துருப்புடிக்க வெச்சிடும்மா. அத்தத் தூக்கிப் போட்டுட்டு நம்ம மாத்திரயக் குடு. பொண்ணு ஸ்டேட் ஃபர்ஸ்ட் வருதா இல்லியா பாரு."

ஜூனில், வாய்க்காலில் துணி அலசும்போது ஜோதி வலிப்பு வந்து குப்புற விழுந்தாள். தண்ணீர் கணுக்கால் அளவுதான்.

அவள் காரியம் முடிந்ததும் வேலைக்குத் திரும்பினேன். ஜூலையில் ஒரு சோதனை செய்தேன். பன்னிரண்டு தொழிலாளர்கள். ஆறு பேருக்கு வல்லாரை, ஆறு பேருக்குப் பச்சைச் சாயம் போட்ட சாக்பீஸ் தூள். யாருக்கு எது என்று எனக்கு மட்டும் தெரியும். மனசு லேசாக இருப்பதாக இரண்டு பக்கத்திலும் நான்கு நான்கு பேர் சொன்னார்கள். லேபிள் ஒட்டுவதில் தப்பும் இரண்டு பக்கமும் ஒரே அளவு. மெஷின் ஓட்டும் கோதண்டம், "கெமிஸ்ட்டம்மா, அத்தப் போட்டுகினு ஒரு குவாட்டர் உட்டா ஏரோபிளேன்ல போறா மாரி கீது" என்றார். அவருக்குக் கொடுத்தது சாக்பீஸ்.

முதலாளி என் அறிக்கையைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

"சாக்பீஸுக்கே இம்மாம் பவர் கீதுன்னா நம்ம சரக்குக்கு எவ்ளோ இருக்கும்? நீயே சொல்லு."

அப்போதுதான் ஜோதியைப் பற்றிக் கேட்டேன்.

"நூறு பேராண்ட நூறு சொல்லுவேன். யாவாரம்மா அது. நானா வந்து புடுங்கிப் போட்டேன்?"

ஆகஸ்டில் ஒருநாள் அவர் தன் அறையில் விழுந்து கைகால் இழுத்துக்கொண்டு கிடந்தார். ஒருக்களித்துப் படுக்கவைத்தேன். வீட்டில் பழகிய வேலை. தெளிந்ததும் மேஜை இழுப்பறையைக் காட்டினார். உள்ளே சீசா நிறைய வெள்ளை மாத்திரை. ஜோதி சாப்பிட்ட அதே மாத்திரை.

"பதினஞ்சு வருசமா துன்னுகினு கீறேன். திருப்பதி போன நாலு நாளும் மறந்துட்டேன், இப்டி ஆய்ப்போச்சு. வெளிய சொல்லிடாதம்மா. அப்பால நம்ம மாத்திரய எவன் வாங்குவான்?"

நான் சொல்லவில்லை.

மெஷின் இருந்தது. சாக்பீஸ் தூள் இருந்தது. சாயம் போடாமல் விட்டால் போதும். அளவு சரியாக வர மூன்று நாள் ஆனது. சீசாவில் இருந்ததை எடுத்துவிட்டு என்னுடையதை நிரப்பினேன்.

நான் விஷம் கொடுக்கவில்லை. எந்த மருந்துமே கொடுக்கவில்லை. தினமும் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டேன். ஐந்தாம் நாள் சினிமாப் பாட்டை முணுமுணுத்தார். எட்டாம் நாள் என்னைக் கூப்பிட்டே சொன்னார்: "மூள பளிச்சுனு கீது மதி. பகல்ல தூக்கமே வர்ல. நம்ம பச்சையும் துன்றேன் இல்ல, அத்தான் வேல செய்து." தூக்கம் வராததற்குக் காரணம் வெள்ளை மாத்திரை உள்ளே போகாததுதான். அதையும் குறித்தேன்.

பதினோராம் நாள் ஸ்கூட்டரில் கிளம்பினார். லேபிள் ஒட்டும் கோவிந்தம்மாவின் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அவளையும் பின்னால் ஏற்றிக்கொண்டார். நான் கேட் அருகில்தான் நின்றிருந்தேன். போகாதே என்றால் காரணம் சொல்ல வேண்டும். சோதனையை நடுவில் கலைக்க முடியாது. பெங்களூர் ரோட்டில் அவர் கை விறைத்து, வண்டி லாரிக்குக் குறுக்கே போய்விட்டது. அவர் அங்கேயே போய்ச்சேர்ந்தார். கோவிந்தம்மாவுக்கு இடது கால் போனது. அவளுக்காக வருந்துகிறேன்.

விபத்து என்று சொல்லி எல்லோரும் அழுதார்கள். அதைத்தான் பொறுக்க முடியவில்லை. எதற்காகச் செத்தார் என்று ஊருக்குத் தெரிய வேண்டும். அதனால் சீசாவையும் நோட்டையும் நானே கொண்டுவந்தேன். எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்று மட்டும் சார். விசாரித்தால் அம்மா வேறொன்று சொல்வாள். திருவிழாவிலிருந்து வந்த அன்று அவள் முதலாளி பேச்சை நம்பவில்லை. "நீ படிச்ச பொண்ணு, நீ சொல்லும்மா. நிறுத்திடலாமா?" என்று என்னைத்தான் கேட்டாள். நிறுத்தலாம் என்றேன். வெள்ளை மாத்திரையைக் குப்பையில் கொட்டியதும் நான்தான். அதை இதில் எழுத வேண்டாம். இந்த வழக்குக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.