ஒரு கரண்டிச் சாறு

வெங்காயத்தை ஒரே அளவுல நறுக்கினா எல்லாத் துண்டும் ஒரே நேரத்துல வேகும் சார். ரொம்பச் சின்ன விஷயம். ஆனா வீடுகள்ல பாருங்க, ஒரு துண்டு கருகிக் கிடக்கும், இன்னொண்ணு பச்சையா பல்லுல கடிபடும். பெரிய ஹோட்டல்ல செய்யறதை நாமளும் வீட்ல செஞ்சா என்னன்னு எனக்குத் தோணுச்சு. தோணினது தப்பில்லையே.

ஏன் வீட்டை எரிச்சீங்கன்னு கேட்டீங்க. அந்தக் கேள்வியே சரியில்ல. நான் தீயணைப்பு நிலைய அதிகாரி. வீடு எரியறதுன்னா என்னன்னு எனக்குத் தெரியாதா? எங்க வீட்ல தீவிபத்து எதுவும் நடக்கல. கழட்டி, துண்டு போட்டு, பக்கத்துல மணல் வாளி வெச்சுக்கிட்டு, முறையா அடுப்புல வெச்சேன். ஒரு பொறி கூட அடுத்த வீட்டுப் பக்கம் பறக்கல. அதை எழுதிக்கோங்க.

என் சமையலைப் பத்தி என் மனைவி எப்பவும் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான். "தண்ணியா இருக்கு." கல்யாணமான புதுசுலயும் சொன்னா, மகள் பொறந்தப்பவும் சொன்னா. இப்ப மகள் பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்தப்ப, ஆசை ஆசையா சூப் வெச்சுக் கொடுத்தேன். இவ ஒரு வாய் குடிச்சிட்டு, "உங்கப்பா கை பட்டாலே தண்ணிதான்டி. பார்க்கிற உத்தியோகம் அப்படி"ன்னு மகள்கிட்ட சொன்னா. ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. நானும் கூடச் சிரிச்சேன். உள்ள சுருக்குன்னுச்சு.

அந்தச் சமயத்துலதான் ஒரு பெரிய ஹோட்டலுக்குப் பாதுகாப்புச் சோதனைக்குப் போனேன். சமையல்கட்டுல இடுப்பு உயரத்துக்கு ஒரு அண்டா. எலும்பும் கேரட்டும் வெங்காயமும் கொதிச்சுக்கிட்டு இருந்துச்சு. பக்கத்துல ஒரு சின்னக் கிண்ணத்துல கருப்பா, பளபளன்னு ஏதோ கொஞ்சம். "அந்த அண்டாதான் சார் வத்தி வத்தி இவ்வளவு ஆகுது. வாயில வெச்சுப் பாருங்க"ன்னு தலைமைச் சமையல்காரர் கரண்டியை நீட்டினார். வெச்சேன். கண்ணு கலங்கிடுச்சு சார். தண்ணிங்கிற பேச்சுக்கே அதுல இடமில்ல.

வீட்ல ஏன் இப்படி வர மாட்டேங்குதுன்னு கேட்டேன். "பொறுமை கிடையாதே சார். பாதியில அணைச்சிடறாங்க. ஆரம்பிச்சா நிறுத்தக் கூடாது. தீ ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. ஆளு அந்தாண்ட இந்தாண்ட நகரக் கூடாது"ன்னார். கிளம்பும்போது இன்னொண்ணும் சொன்னார். அதுக்கு அப்புறம் வரேன்.

முதல்ல சில்லறை வேலையாத்தான் ஆரம்பிச்சேன். கத்தியைத் தீட்டினேன். தட்டைச் சூடு பண்ணி, விளிம்பைத் துணியால துடைச்சு வெச்சேன். "என்னங்க, சாப்பாட்டைச் சோதனை போட யாராவது வர்றாங்களா?"ன்னு மனைவி கேட்டா. கேட்டுட்டு, வழக்கம்போல, தண்ணியா இருக்குன்னா.

மகளுக்கு வலி எடுத்து ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. அவங்க குழந்தையோட திரும்பி வரும்போது அந்த ஒரு கரண்டி தயாரா இருக்கணும்னு முடிவு பண்ணி, வாடகைக்கு ஒரு அண்டா எடுத்து கேஸ் அடுப்புல ஏத்தினேன். அன்னிக்கே சிலிண்டர் தீர்ந்து போற மாதிரி ஆயிடுச்சு. போன் போட்டா, "நாளன்னைக்குத்தான் சார் லோடு வரும்"னாங்க. சாறு அதுவரைக்கும் காத்துக்கிட்டு இருக்குமா? கொல்லையில செங்கல்லை அடுக்கி அடுப்பு மூட்டினேன். பக்கத்து வீட்டுத் தையல்காரர் ஒரு பக்கம் பிடிக்க, அண்டாவை இடம் மாத்தினோம். அடுப்புக்கு முதல்ல போனது கொல்லையில கிடந்த பெஞ்சு.

கடைக்குப் போய் விறகு வாங்கியிருக்கலாமேன்னு நினைக்கிறீங்க. சாறை விட்டுட்டா? தையல்காரரை அனுப்பியிருக்கலாம்தான். ஆனா கடை விறகு ஈரம் சார். புகையும், வெடிக்கும், தீ நிலையா நிக்காது. எங்க வீட்டு மரம் அப்படியில்ல. என் மாமனார் தச்சர். பார்த்துப் பார்த்து மரம் வாங்கி, தன் கையால இழைச்சு, அந்த வீட்டையே கட்டி மகள் பேருக்கு எழுதி வெச்சவர். நல்லா காஞ்ச மரம். சொன்ன பேச்சு கேட்டு எரியும்.

பெஞ்சுக்கு அப்புறம் அலமாரி, கட்டில், உள்கதவு. வாசக்கதவுக்குக் கொஞ்சம் யோசிச்சேன், பொய் சொல்ல மாட்டேன். உள்ள பூட்டி வைக்க ஒண்ணுமில்லாத வீட்டுக்குக் கதவு எதுக்குன்னு தோணவும் அதையும் வெச்சேன். அடுத்தது கூரை. அங்கிருந்து பார்த்தாலும் அண்டா தெரியும், அதனால நான் நகர்ந்ததா ஆகாது. தையல்காரர்தான் ஏணி கொடுத்தார். நான் ஓடு பிரிக்கறதைப் பார்த்து, "என்ன சார், கரையானா?"ன்னார். "ஆமாங்க, ரொம்ப"ன்னேன். ஐயோ பாவம்னு உச்சுக் கொட்டினார். ஓடு ஒண்ணு கூட உடையல, சுவரோரமா அடுக்கி வெச்சிருக்கேன். போய்ப் பார்த்துக்கோங்க.

நடுவுல மனைவி போன் பண்ணினா. "என்னங்க, பேத்தி பொறந்திருக்கா. அப்படியே உங்க மூக்கு. உடனே கிளம்பி வாங்க."

"அடுப்புல இருக்கு"ன்னேன்.

"அணைச்சிட்டு வாங்களேன்."

"அதெப்படி?"

"உடம்பு கிடம்பு சரியில்லையா?"ன்னா. "நல்லா வத்திக்கிட்டு இருக்கு"ன்னேன்.

பேத்தியைப் பார்க்க எனக்கு மட்டும் ஆசை இல்லையா சார்? ஆனா அண்டா பாதிக்குக் கீழ இறங்கியிருந்துச்சே.

கடைசியா தொட்டில். என் மகளுக்காக மாமனார் செஞ்சது. பேத்திக்குன்னு மனைவி அதைத் துடைச்சு, மெத்தை போட்டு வெச்சிட்டுப் போயிருந்தா. மெத்தையைப் பத்திரமா மடிச்சு எடுத்து வெச்சேன். எலும்பையெல்லாம் வடிகட்டி, சாறைச் சின்னச் சட்டிக்கு மாத்தியாச்சு. இன்னும் கொஞ்சம் தீதான் வேணும். தொட்டில் கணக்கா இருந்துச்சு.

அப்பத்தான் அவங்க வந்து இறங்கினாங்க. நாலு சுவர், அதுக்குப் பின்னால நான். தூறல் போட்டுக்கிட்டு இருந்துச்சு. இருந்தது ஒரே குடை, அதைச் சட்டிக்கு மேல பிடிச்சிருந்தேன். "அப்பா, குழந்தை நனையுது, குடையைக் கொடுங்க"ன்னு மகள் கத்தினா. ஒரு சொட்டுத் தண்ணி விழுந்தாலும் எல்லாம் பாழாயிடும்மான்னு பொறுமையா எடுத்துச் சொன்னேன். நான் குரலை உயர்த்தவே இல்ல. தையல்காரர் ஓடி வந்து மகளையும் குழந்தையையும் தன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனார். தங்கமான மனுஷன்.

இப்ப அந்த இன்னொண்ணு. தலைமைச் சமையல்காரர் கிளம்பும்போது சொன்னது இதுதான். "உப்பை மட்டும் முதல்ல போட்டுடாதீங்க சார். தண்ணி வத்தும், உப்பு வத்தாது. அப்புறம் வாயில வைக்க முடியாது." நான் அண்டாவை ஏத்தின கையோட, பழக்க தோஷத்துல, ஒரு கை உப்பு அள்ளிப் போட்டிருந்தேன். எப்ப ஞாபகம் வந்துச்சுன்னு கேட்பீங்க. மறைக்க மாட்டேன். பெஞ்சு எரிஞ்சு முடியும்போதே வந்துடுச்சு. அப்பவே அணைச்சிருக்கலாம். ஆனா அணைச்சிருந்தா அந்த பெஞ்சு வீணாப் போயிருக்குமே சார். அலமாரி எரியும்போதும் இதையேதான் நினைச்சேன். கூரை மேல ஏறும்போதும் இதேதான்.

மனைவி மட்டும் என்கிட்ட வந்தா. கதவு இருந்த இடத்தைப் பார்த்தா, மேல வானத்தைப் பார்த்தா. தொட்டிலோட ஒரு கால் மட்டும் இன்னும் எரிஞ்சு முடியல, அதையும் பார்த்தா. நான் கரண்டியை நீட்டினேன். என்ன நினைச்சாளோ தெரியல, வாங்கி வாயில வெச்சா. முகம் கோணிப் போச்சு. கண்ணுல பொலபொலன்னு கொட்டுச்சு. துப்பிட்டு, "உப்பு"ன்னு ஒரே வார்த்தை சொன்னா. அதோட சரி. அப்புறம் என்கிட்ட பேசல, உங்களுக்குத்தான் போன் பண்ணினா.

எல்லாத்தையும் ஒத்துக்கறேன். வீடு அவளோடது, தொட்டில் பேத்தியோடது, நான்தான் எரிச்சேன், தெரிஞ்சேதான் எரிச்சேன். எங்க கையெழுத்துப் போடணும்னு காட்டுங்க. ஒண்ணை மட்டும் விட்டுடாம எழுதிக்கோங்க சார். தண்ணியா இருக்குன்னு அவ சொல்லல.